செல்வராஜ் மாமாவும் அடிபட்ட இடமும்

கலஹா–கண்டி பஸ்ஸில் பயணம் செய்யும் பெருமக்களுக்குப் பெருமதிப்புடன் அறியத்தருவது: நமது பஸ்ஸின் மணி வேலை செய்கிறது. கயிற்றை இழுத்தால் டிரைவரின் தலைக்கு மேலே கிணுங்கென்று அடிக்கிறது. பல வருடமாக ஊமையாகத் தொங்கிய அந்த மணியை இனி யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கண்டக்டர் செல்வராஜ், என் அம்மாவின் அண்ணன், மணியை நம்பியதே இல்லை. பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் அடிப்பார். ஒரு அடி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. அவர் பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் பதிலுக்கு வந்த பையன் மணியைத் திருத்தித் தரச்சொல்லிக் கெஞ்சினான். டிரைவர் பியல் அண்ணன் அசையவில்லை. "செல்வா வந்தா மணி எதுக்கு?" என்பார். அன்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், அறுந்த வயரைத் தானே இணைத்திருக்கிறார். கலஹா சந்தியில் ஸ்கூல் போக நின்ற எனக்கு முன்னால் பஸ் மணியடித்து நின்றது. அவர் இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார். என்னை எப்போதும் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

"செல்வா போய்ட்டான், மல்லி. அம்மா அங்கதான் இருக்கு. நீ வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

பஸ் நிறைய ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய ஒரே கலஹா பஸ் அதுவாகத்தான் இருக்கும். யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தப் பஸ்ஸில் இருந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாமா நெஞ்சுவலியில் போனார் என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நெஞ்சு என்பது பாதி உண்மை. மார்க்கம் மார்க்கமாக ஓடியவருக்கு வந்தது மார்புப் புற்றுநோய். ஆம்பிளைகளுக்கும் வரும். அபூர்வம், ஆனால் வரும். இதை மறைக்க வேண்டாம் என்று சொன்னவரே அவர்தான்: "நான் போனப்புறம் சொல்லு மாப்ள. இருக்கும்போது சொன்னா பஸ்ல ஒருத்தனும் ரவிக்கை அளவக் கேக்காம எறங்க மாட்டான்."

கட்டி முதலில் தெரிந்தபோது அவர் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். கண்டிக்கு வரும் வழியில் ஒரு செக்பொயின்டில், அடையாள அட்டையை எடுக்கச் சுணங்கியதற்காகத் துப்பாக்கிக் கட்டையால் இடது மார்பில் ஒரு குத்து வாங்கியிருந்தார். அந்த இடத்தில்தான் வீக்கம். அடிபட்ட வீக்கம் தானாக வற்றும் என்று ஒரு வருடம் எண்ணெய் தடவினார். வற்றவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானும் போனேன். உயிரியல் படிக்கிறவன், எதையும் துருவிப் பார்க்காமல் விடாதவன் என்று எனக்கு ஸ்கூலில் ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பரப்பியதும் நான்தான். அங்கே ஒரு லேடி டொக்டர் நிதானமான தமிழில் கேட்டார்: "உங்க குடும்பத்தில வேற யாருக்கு இந்த நோய் இருந்தது?"

"யாருக்கும் இல்ல மிஸ். எங்க பொம்பளைங்க நோயில சாகல, கலவரத்துல செத்தாங்க."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். மாமா விவரம் சொன்னார். அவருடைய அம்மா எண்பத்து மூன்றுக் கலவரத்தில், பெரியம்மா எழுபத்தேழில். இரண்டு பேருக்கும் அடி. இரண்டு பேரும் சில மாதம் கிடந்துதான் போனார்கள்.

"அடி எங்க?" என்றார் டொக்டர்.

மாமா வாயைத் திறந்தார். பிறகு தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் கேட்டேன், "என்ன மாமா யோசிக்கிறீங்க?"

"மூணு கலவரக்காரனும் ஒரே எடத்தப் பாத்தா அடிச்சான்?"

ஓய்வு எடு என்று டொக்டர் சொன்னார். மாமா ஆய்வு எடுக்கப் புறப்பட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்டைக்குப் போனோம். அங்கே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் மாமாவின் அப்பாவோடு பிறந்த பூரணம் அத்தை இருக்கிறார். மாமாவின் அம்மாவைக் கடைசியில் குளிப்பாட்டியவர் அவர்தான். தேத்தண்ணி வந்தது. அத்தை பழைய கதையை ஆரம்பித்தார். அன்றைக்கு வெளியிலிருந்து வந்த கூட்டம் லயத்துக் கதவைத் தள்ளியது, கதவு பெயர்ந்து மாமாவின் அம்மா நெஞ்சில் விழுந்தது, விழுந்த இடம் கல்லாகிவிட்டது.

"அத்தே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் மாமா. "கல்லு கதவு விழுந்தப்புறம் வந்துச்சா, அதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

அத்தை கோப்பையைக் கீழே வைத்தார்.

"முன்னாடிதான், சாமி. அதுக்கு முந்தின பொங்கலுக்கே நான்தான் எண்ணெய் தடவிவிட்டேன்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளா கதவுன்னு சொன்னீங்க?"

"கதவத் தள்ளுனவன வையலாம். கட்டிய யாரு வையிறது?"

திரும்பும் வழியில் மாமா சொன்னார்: "அவனுங்க செஞ்சதையே இன்னும் யாரும் கேக்கல. செய்யாததையும் சேத்து அவனுங்க தலையில போட்டுட்டோம். அதுல ஒளிஞ்சுகிட்டு இது தப்பிச்சிருச்சு பாரு."

மாமாவின் ரத்தத்தை டொக்டர் ஓர் ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நம் உயிரணுக்கள் பிரியும்போதெல்லாம் உள்ளே இருக்கும் மரபுச் செய்தியைப் பிரதி எடுக்கின்றன. பிரதியில் பிழை விழும், இழை அறுந்தும் போகும். அறுந்ததை ஒட்டுவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. பஸ் கராஜில் உடைந்ததைத் திருத்தும் பாஸ் மாதிரி. மாமாவுக்கு அப்படி ஒரு பாஸ் பிறவியிலேயே லீவு. அந்த மரபணுவின் நீண்ட வரியில் ஓரிடத்தில் ஓர் எழுத்து இல்லை, அதற்குப் பிறகு வருவதெல்லாம் உளறல். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ அது வரும். பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. காசைச் சுண்டிவிடுகிற மாதிரி.

மாமா இதைக் கேட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி தன்னைப் பற்றியதல்ல. "அப்ப ராசிக்கு?"

ராசி என் அம்மா. அவருக்குக் கூடப்பிறந்தவர் மாமா ஒருவர்தான். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. டொக்டர் அம்மாவை உடனே வந்து சோதித்துக்கொள்ளச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டார். நான் சதுரமும் வட்டமும் போட்டுக் குடும்ப மரம் வரைந்து காட்டினேன். மரபணு, மாமாவணு, மருமகனணு என்று வாய் வலிக்க விளக்கினேன். அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னார், "என்னைய யாரும் அடிக்கலையே. எனக்கு எங்கேருந்து வரும்?"

கதவுக் கதை பொய்த்துப்போனது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். தன் அம்மாவைக் கொன்றது கலவரம்தான் என்று இருந்தவரை ஆபத்து வெளியே நின்றது. டொக்டர் சொல்வதை ஏற்றால் அது வீட்டுக்குள் வந்துவிடும்.

கடைசியில் அம்மாவை அனுப்பியது மாமாதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெலிந்து கிடந்தார். அம்மா கஞ்சி ஊட்டக் குனிந்தபோது மாமா கையை மடக்கி, இடது தோளுக்குக் கீழே ஒரு குத்து விட்டார். பலமில்லாத குத்து. கஞ்சி போர்வையில் கொட்டியது.

"என்னாண்ணே இது?"

"இப்ப அடி வாங்கிட்டயில்ல? இனிச் சாக்கு இல்ல. கீழ மாடியில கிளினிக். போய்க் காட்டிட்டு வந்து மிச்சக் கஞ்சியக் குடு."

அம்மா சிரித்தார். சிரிப்பு எங்கோ பாதி வழியில் அழுகையாகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனார். பட்டாணி அளவில் ஒன்று அகப்பட்டது. ஆரம்பத்திலேயே பிடித்ததால் எடுத்துவிட்டார்கள். செய்தியைச் சொன்னபோது மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு குத்துக்கே பட்டாணியா? நான் பாக்ஸிங் போயிருக்கணும்டா மாப்ள." அம்மா இன்று மறுபடி மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். மாமாவுக்குத்தான் நேரம் தவறிவிட்டது. அவர் எண்ணெய் தடவிய அந்த ஒரு வருடம்.

மாமாவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்தேன். மூக்கு அவருடையது, எல்லோரும் சொல்வார்கள். வாயும் அவருடையது, அதை என் ஆசிரியர்கள் சொல்வார்கள். இன்னும் ஒன்று இருக்கலாம். அம்மாவின் ரத்தத்திலும் அதே எழுத்து விடுபட்டிருக்கிறது என்று பதில் வந்துவிட்டது. ஆகவே எனக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. பதினெட்டு வயதானதும் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம், வேண்டாமென்றால் விடவும் உனக்கு உரிமை உண்டு என்றார் டொக்டர். "முதல் நாளே வந்து நிப்பேன், மிஸ்" என்று மார்தட்டினேன். வகுப்பிலும் சொன்னேன், பஸ்ஸிலும் சொன்னேன். உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள்.

பதினெட்டு ஆகிவிட்டது. பரீட்சை முடியட்டும் என்றேன், முடிந்தது. கருமாதி முடியட்டும் என்றேன், அதுவும் முடிந்தது. எதையும் துருவிப் பார்க்காமல் விடாதவன், கிளினிக் வாசல்வரை இரண்டு தடவை போய், அம்மாவுக்கு மருந்து வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.