மறித்து நிற்கிறவள்

ராஜினியின் வேலை பந்தைக் கூடைக்குள் போடுவதல்ல. பரந்தன் கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியில் அவள் பதினேழு வருடம் ஆடினாள். மற்றவர்கள் எறிந்து தவறிய பந்து வளையத்தில் பட்டு விழும்போது அதற்குக் கீழே அவள் நிற்கவேண்டும். எதிரணியின் உயரமான பெண்ணைக் கூடைப் பக்கம் அண்டவிடாமல் முதுகால் மறிக்கவேண்டும். கைதட்டல், பந்தைக் கூடைக்குள் போட்டவளுக்குப் போகும். அதில் ராஜினிக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை.

அவளுடைய தகப்பன் மாயாண்டி, எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். ராஜினி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வரிசையை மேற்பார்வை செய்தாள். நாள் முழுக்க நடக்கிற வேலை. இரணைமடுக் குளத்தில் மீன்பிடிக்கும் வினோதனைக் கட்டியிருந்தாள்; ஒரு மகளும் இருந்தாள். வேலை முடிந்து வந்தும் அவள் நேரே திடலுக்குத்தான் போவாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயதானபோது, அணியில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி கலியாணம் கட்டிக் கனடா போய்விட்டாள். மாகாணப் போட்டிக்குப் பன்னிரண்டு பெயர் கொடுக்க மூன்று கிழமை இருந்தது. கழகச் செயலாளர் தில்லைநாதனுக்குச் சந்தியில் இரும்புக்கடை. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, உள்ளே கதிரைகள் போட்டுக் கூட்டம் வைத்தார். கிளிநொச்சியில் தர்மிகா என்றொரு பெண் இருக்கிறாள், தூரத்தில் நின்று எறிந்தாலும் பத்துக்கு ஐந்து விழும், அவளை எடுப்போம் என்றார். வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

ராஜினி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எறிகிறவர்கள் ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள், நாலு பேருக்கும் பந்து ஒன்றுதான் என்றாள். விழாத மற்ற ஐந்தையும் யார் எடுப்பது என்று கேட்டாள். நெடுங்கேணியில் நடந்த வலைப்பந்துப் போட்டியொன்றில் தான் கண்ட ஸாஜிதாவின் பெயரைச் சொன்னாள். தண்ணீரூற்று ஊர்ப் பிள்ளை, வளையத்திலிருந்து தெறிக்கிற பந்தெல்லாம் அவள் கைக்குத்தான் போனது. வலைப்பந்துக்காரியைக் கொண்டுவந்து என்ன செய்வது என்று ஒருவர் சிரித்தார். தில்லைநாதன் சிரிக்கவில்லை.

"அந்த வேலைக்குத்தான் நீ இருக்கிறாயே, ராஜினி. பிறகு என்னத்துக்கு இன்னொராள்?"

போன வருடத்துக் கடைசி ஆட்டத்தில் அவளுடைய இடது முழங்கால் எழும்ப மறுத்தது. நாலு பந்துகள் விரல் நுனிக்கு மேலால் போயின. அதை யாரும் கவனிக்கவில்லை. அவள் செய்கிற வேலையை யாரும் பார்ப்பதில்லை என்பதால் அவள் செய்யாமல் விட்டதும் தெரியவில்லை. முடிவை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள்.

அந்தக் கிழமை அவளுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. தொழிற்சாலையில் ஒரே பிள்ளையிடம் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டாள். வீட்டில் அடுப்பில் கறி இருக்க, படலையடிக்குப் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருந்து சாப்பிடச் சொல்லி வினோதன் கேட்டுப் பார்த்தான். அவள் நின்றபடியே சாப்பிட்டாள். காலையில் தர்மிகாவே போதும், இன்னும் ஒரு வருடம் தன்னால் சமாளிக்கலாம் என்று தோன்றும். பின்னேரம் படியேறும்போது முழங்கால் வேறு கதை சொல்லும். வியாழக்கிழமையளவில் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டாள்: ஸாஜிதா திறமில்லாதவளாக இருக்கவேண்டும் என்று அவள் மனம் ஆசைப்பட்டது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை பந்தைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் தண்ணீரூற்றுக்குப் போனாள். பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, தகப்பன் ஹமீட்டின் பலசரக்குக் கடையில் ஸாஜிதா நின்றாள். இருபத்தைந்து வயது. இடம்பெயர்ந்த குடும்பத்தில் புத்தளத்தில் பிறந்து, பத்துப் பன்னிரண்டு வயதில் ஊர் திரும்பியவள். வந்த காரணத்தைக் கேட்டதும் முழுக்கைச் சட்டையோடும் இறுக்கிக் கட்டிய முக்காட்டோடும் பின்னால் இருந்த வலைப்பந்துத் திடலுக்கு வந்தாள். தங்கை பரீனா பந்தை வளையத்துக்கு எறிய, விழுகிற பந்துக்கு இருவரும் மல்லுக்கட்டினார்கள்.

ராஜினி தனக்குத் தெரிந்த கள்ள வேலை எல்லாம் செய்தாள். இடுப்பால் தள்ளினாள், முழங்கையை ஊன்றினாள், சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். முதல் ஐந்தில் மூன்று அவளுக்குக் கிடைத்தன. அதற்குப் பிறகு விழுந்த பத்தில் இரண்டே இரண்டு. ஸாஜிதா பந்தைப் பார்க்கவில்லை. எறிகிறவளின் மணிக்கட்டைப் பார்த்து, பந்து விழப்போகிற இடத்தில் முன்னமே போய் நின்றாள்.

மூச்சு வாங்க நிறுத்தியபோது ஸாஜிதா சொன்னாள்: "அக்கா, நீங்கள் இடது காலை ஊண்டப் பயப்பிடுறீங்கள். நான் அந்தப் பக்கத்தாலதான் வந்தனான்."

ராஜினிக்குக் கோபம் வந்தது. "எப்ப கண்டனீர்?"

"நீங்கள் பஸ்ஸால இறங்கேக்கையே."

ஹமீட் ஒன்றைத்தான் கேட்டார்: பயிற்சி முடிந்து பிள்ளை எப்படித் திரும்பி வரும்? தானே பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக ராஜினி சொன்னாள். சொன்ன பிறகுதான், தான் முடிவெடுத்துவிட்டதே அவளுக்கு உறைத்தது.

அடுத்த நாள் இரும்புக்கடையில் அவள் கதிரையில் இருக்கவில்லை. "நான் இருக்கிறன் எண்டுதான் எல்லாரும் நினைச்சுக்கொண்டிருக்கிறியள். போன வருஷம் கடைசி ஆட்டத்தில நான் நாலு பந்தை விட்டனான். ஒருத்தரும் காணேல்லை. அண்ணை, என்ரை கால் சரியில்லை."

தில்லைநாதன் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் இரண்டு பேரையும் எடுப்போம், இதுவரை ஆடாத சின்னப் பிள்ளை ஒருத்தியை நிறுத்துவோம் என்றார். அதற்கு அவள் விடவில்லை. "சின்னதுகளை வெட்டவேண்டாம். என்ரை பேரை எடுங்கோ."

பெருந்தன்மையாக ஒன்று செய்துவிட்ட நிறைவு ஒன்றும் அவளுக்கு வரவில்லை. றெயில் கடவையைத் தாண்டுவதற்குள்ளேயே திரும்பிப் போய்ப் பெயரைச் சேர்க்கச் சொல்லலாமா என்று சைக்கிளை நிறுத்தினாள். பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மாகாணப் போட்டி வவுனியாவில் நடந்தது. கழகம் ராஜினியை உதவிப் பயிற்றுநராக்கியிருந்தது; வாங்குப் பலகையில் இருக்கவேண்டியவள் எல்லைக் கோட்டிலேயே நின்றாள். நடுவர் இரண்டு தரம் எச்சரித்தார். தர்மிகா எறிந்து தவறியதை எல்லாம் ஸாஜிதா எடுத்துத் திரும்பவும் அவள் கையிலேயே கொடுத்தாள். இரண்டு பேருமே தேவைப்பட்டார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் விளங்கியது. பரந்தன் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்து, நாலு புள்ளியால் தோற்றது.

பரிசளிப்பு முடிந்ததும் வவுனியாக் கழகமொன்றின் செயலாளர் சுதர்சினி அவளைத் தேடி வந்தாள். ஏன் ஆடவில்லை என்று விசாரித்தாள். வயசு போய்விட்டது என்றாள் ராஜினி.

"எங்களிட்ட எறியிறவை நிறைய இருக்கினம். மறிச்சு நிக்கத்தான் ஆளில்லை. ஒரு ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் காணும். வாற வருஷம் எங்களுக்கு ஆடுவீங்களோ?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். தில்லைநாதன் அதைத் துரோகம் என்றார். ஒரு மாதம் அவளோடு கதைக்கவில்லை. வினோதன் வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னான்: "போ. வீட்டில இருந்தால் நீயும் இருக்கமாட்டாய், எங்களையும் இருக்கவிடமாட்டாய்."

அவள் போனாள். முழங்காலுக்குப் பட்டி கட்டி, சனிக்கிழமைகளில் வவுனியா பஸ் ஏறினாள். அடுத்த வருடத்து மாகாணப் போட்டியில் முதல் ஆட்டமே பரந்தனோடு வந்தது. இரண்டாம் பாதியில் அவளை இறக்கினார்கள். கூடைக்குக் கீழே ஸாஜிதா வழமைபோல இடது பக்கத்தால் வந்தாள். ராஜினி வலது காலில் சுழன்று, உடம்பைக் குறுக்கே போட்டு, பந்தை எடுத்தாள். அடுத்த இரண்டையும் ஸாஜிதா எடுத்தாள். பரந்தன் பதினொரு புள்ளியால் வென்றது. தில்லைநாதன் கோட்டைத் தாண்டி வந்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வீங்கியிருக்கிறது என்றாள்.

அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று அவள் சுதர்சினியிடம் கேட்டாள். மூன்று மணிக்கு என்று பதில் வந்தது. இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. மற்றவர்கள் மரநிழலில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்க, ராஜினி திடலைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.