தண்ணீர் வந்தால் போன் அடிக்கும்

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் எங்கள் பருத்திக்காட்டு போர்வெல்லில் மோட்டார் கொஞ்ச நேரம்தான் ஓடும். வற்றிவிட்டால், மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஊறிவிட்டதா என்று பார்க்க அப்பா வெயிலில் நடந்துபோய், குழாய்க்குள் சின்னக் கல்லைப் போட்டுக் காதை வைத்துக் கேட்பார். சத்தம் சரியில்லை என்றால் திரும்பி வருவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போவார்.

எனக்கு எரிச்சலாக வரும். வீட்டிலிருந்தபடியே கம்பெனிக்கு டிவைஸ் டிரைவர், அதாவது கருவிகளைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் புரோகிராம், எழுதுகிறவன் நான். கருவியைப் போய்ப் போய் விசாரிக்காதே, தேவை வந்தால் அதுவே கூப்பிடட்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அந்தக் கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். அது வந்ததும் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துவைத்துவிட்டு வரும். டிரைவர் சேதியை மட்டும் வாங்கிக்கொண்டு உடனே பிராசஸரைப் பழைய வேலைக்கே திருப்பி அனுப்பிவிடும். மிச்சமெல்லாம் பிறகு சாவகாசமாக நடக்கும்.

அருப்புக்கோட்டையில் சாமான் வாங்கிவந்து ஒரு சின்னக் கருவி செய்து, அதிலிருந்து போர்வெல்லுக்குள் இரண்டு கம்பிகளை இறக்கினேன். தண்ணீர் இரண்டையும் தொட்டு இணைத்தால் இன்டரப்ட். டிரைவர் குறித்துக்கொள்ளும், அப்புறம் அப்பாவின் போன் அடிக்கும்.

மறுநாளே அடித்தது. அப்பா மம்பட்டியோடு ஓடினார். தண்ணீர் இல்லை. திரும்பி வந்தார், மறுபடி அடித்தது. மேல்காற்றில் மேலே இருந்த இணைப்பு ஆடி, கம்பிகள் உரசியிருக்கின்றன. மனிதர் அலைந்தே ஓய்ந்துபோனார். டிரைவரில் இரண்டு வரி சேர்த்தேன்: கூப்பிட்டதும் நம்பாதே, சற்றுப் பொறுத்துப் பார், அப்போதும் நனைந்திருந்தால் மட்டும் போனை அடி.

அதன்பிறகு அது அடிக்கவே இல்லை. பருத்தி இலை சுருண்டது. சாப்பிடும்போதும் அப்பா போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். கருவி கெட்டுவிட்டதோ என்று கேட்டார். கம்பிகளை மேலே இழுத்து ஒரு வாளித் தண்ணீரில் முக்கினேன். சற்றுப் பொறுத்து அடித்தது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கெட்டுப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல பொய்யா அடிச்சுச்சுல்ல, அதே மாதிரி ஆக்கிவிடு."

"அது காத்துப்பா."

"காத்துன்னு தெரியும். அடிக்கட்டும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த இரண்டு வரியையும் எடுத்தேன். மறுநாள் காற்றில் போன் அடித்தது. அப்பா மம்பட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்.