கதவுக்குள் இருந்த கண்ணாடி

மார்லிஸ் அந்த டிரக்கைத் தேடிப் போகவில்லை. அதுதான் அவளைத் தேடி வந்தது. மீன் பார்க்கும் கருவியோடு ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்த ஊர்க்காரன் டுவெய்ன், ஆழத்தில் மீனல்லாத எதையோ பார்த்தான். பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவனா இருப்பான்? பொழுது சாய்வதற்குள் ஆர்லினின் டிரக் கிடைத்த செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது.

ஆர்லின் அவள் புருஷன். இருபத்தொன்பது வருடங்களுக்கு முன், மார்ச் கடைசியில், உறைந்த ஏரியின் மேல் டிரக்கை ஓட்டிப் போய் மூழ்கிவிட்டான். பனிக்கட்டி உளுத்துப்போகும் அந்த வாரத்தில் நாய்கூட ஏரியில் இறங்காது. அதனால் தெரிந்தேதான் போனான் என்று மினசோட்டாவின் அந்த மூலையில் எல்லோரும் முடிவுகட்டினார்கள். அன்று சாயங்காலம் வீட்டை விற்பது பற்றி இருவருக்கும் பெரிய சண்டை. "போ, போய் ஏரியிலயே கிட!" என்று கத்தியதை மார்லிஸே போலீஸிடம் அழுதுகொண்டு சொன்னாள். அதுவும் ஊர் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று இருட்டிச் சற்று நேரத்திலேயே பனி கொட்டத் தொடங்கியது. இற்றுப்போன ஏரி மேல் இறங்கித் தேட யாருக்கும் தைரியம் வரவில்லை. பனி உருகிய பிறகு, மார்லிஸின் வீட்டுக்குக் கீழே நாணலுக்குள் அவன் உடல் கிடந்தது. தண்ணீர் இழுத்து வந்து போட்டது என்றார்கள். அக்கரையில் இருந்த அவன் தங்கை லவோன் அன்றோடு மார்லிஸுடன் பேச்சை நிறுத்தினாள். மார்லிஸ் தன் வீட்டு முற்றத்துக் கம்பத்து விளக்கை அதற்குப் பிறகு போட்டதே இல்லை. கஞ்சத்தனம் என்றது ஊர். ஊருக்கு வேறென்ன வேலை?

"காயலான் கடைக்குத் தள்ளிவிடு மார்லிஸ். வண்டியா இது? மீன் குடியிருந்த வீடு" என்றான் டுவெய்ன், கரையேற்றிய டிரக்கைப் பார்த்து.

"நீ ஓட்டுற வண்டியவிட இது தேவலை. கொட்டகைக்குள்ள தள்ளு."

காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்த்த கை அவளுடையது. துருவைச் சுரண்டினாள், தளத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாள், எஞ்சினைப் பிரித்துப் போட்டாள். புதுப்பிப்பது சாக்குதான். அவன் சாகப் போனானா இல்லையா, அந்த ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். இருக்கையைக் கழற்றிக் கோடை முழுக்க வெயிலில் போட்டாள். ஓட்டுகிறவன் உட்காரும் பக்கம் மட்டும் காயவே இல்லை. கொட்டகையில் குனிந்து வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். பயம் என்று சொல்ல முடியாது, வெட்கம்.

செப்டம்பரில் ஓட்டுநர் பக்கக் கதவைப் பிரித்தாள். அந்த ஜன்னல் வெறும் ஓட்டையாகத்தான் மேலே வந்தது, கண்ணாடி உடைந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். உள்தகட்டைக் கழற்றிச் சேற்றை அள்ளியபோது விரலில் வழவழவென்று ஏதோ பட்டது. முழுக் கண்ணாடி. ஒரு கீறல் இல்லாமல், கதவுக்குள் அடிவரை இறங்கி நின்றது.

மார்லிஸ் கண்ணாடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஏரி மேல் வண்டி ஓட்டும் ஊரில் பிள்ளைகளுக்கே தெரியும்: எந்தக் குளிரிலும் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். பனி உடைந்தால் வெளியே வர அந்த வழி ஒன்றுதான். சாகப் போகிறவன் எதற்குக் கண்ணாடியை இறக்குகிறான்?

டுவெய்ன் மூலம் லவோனுக்குச் செய்தி போனது. சுடச்சுட உருளைக்கிழங்கும் கறியும் வெந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மறுநாள் மத்தியானமே வந்து நின்றாள். கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணி, அவன் சாகப் போகல. எங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கான். உங்ககூட சண்ட போட்டா எப்பவும் குறுக்க ஏரியில வந்துருவானே. நான்தான் உங்கள இத்தன வருஷமா..."

"விடு லவோன்."

"தண்ணி இழுத்துட்டு வரல அண்ணி. ஜன்னல் வழியா வெளிய ஏறி, பனி மேல நடந்து வந்திருக்கான். உங்க வாசல் வரைக்கும் வந்திருக்கான்." சட்டென்று நிறுத்தினாள். "அவ்வளவு தூரம் வந்தவனுக்கு எப்படிக் கரை தெரியாமப் போச்சு? கம்பத்து விளக்கப் பாத்து வந்திருக்கலாமே?"

ஏரிக்குப் போன ஆள் திரும்பும்வரை கரையோர வீடுகளில் கம்பத்து விளக்கை யாரும் அணைப்பதில்லை. மார்லிஸ் துணியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"அன்னைக்கு விளக்கு எரியல. கோவத்துல நான்தான் அணைச்சேன்."

லவோன் கொட்டகையை விட்டு வெளியே போனாள். அவளுடைய கார் கிளம்பும் சத்தத்துக்காக மார்லிஸ் காத்திருந்தாள். கார் கிளம்பவில்லை. சமையலறைக் கதவு திறக்கும் சத்தம்தான் கேட்டது, கம்பத்து விளக்கின் சுவிட்ச் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பட்டப்பகலில் கம்பத்து விளக்கு எரிந்தது. லவோன் அதன் கீழே ஏரியைப் பார்த்தபடி நின்றாள். மார்லிஸ் போய்ப் பக்கத்தில் நின்றாள். இருட்டிய பிறகும் இரண்டு பேரும் உள்ளே போகவில்லை.