கண்ணாடி பார்த்த மருமகள்

இரும்பு ஏணியின் முதல் படியில் கால் வைக்கும் முன் பிபிகுல் அக்கா மூக்கைச் சிந்தி, தலைத்துணியை இறுக்கி முடிந்து, அண்ணாந்து பார்த்து ஒரு திட்டு விடுவார்.

"வரேன்டி மகாராணி. உனக்கு முகம் துடைச்சுவிட வேற யாரு இருக்கா?"

பிறகு நூற்று முப்பத்திரண்டு படிகள். கோட்டின் ஒரு பையில் பழைய பருத்தி உள்சட்டையைக் கிழித்த துணிகள். இன்னொன்றில் கல்லாய்க் காய்ந்த தயிர் உருண்டைகள். ஐம்பத்து மூன்று வயது, குட்டையான, அகலமான உடம்பு. படிக்கு ஒரு முறை முட்டி முனகும்.

மேலே இருக்கும் மகாராணி ஒரு கருவி. எங்கள் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியின் ஒரு பக்கத்திலிருந்து ஒளியை அனுப்பும். எதிர்ப்பக்கத்துக் கண்ணாடி அதைத் திருப்பி அனுப்பும். எவ்வளவு ஒளி திரும்பவில்லையோ, அவ்வளவு புகை. அந்தக் கணக்கு கீழே கட்டுப்பாட்டு அறையில் என் முன்னால் எண்ணாக வந்து விழும். இருபதைத் தாண்டக் கூடாது. கருவிக்கு அக்கா வைத்த பெயர் 'மருமகள்'. அவருடைய மகன் முப்பது வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுத்தால் ஓடிவிடுவான். அந்தக் கோபமும் இதில் கொஞ்சம் உண்டு.

லென்ஸைத் துடைக்க வேறு யாரையும் விடமாட்டார். ஒருமுறை நான் கை வைத்தேன். "மாவா பிசையறே? தூங்கற குழந்தைக்குக் கண்ணு துடைக்கற மாதிரி துடைடா!" துடைத்து முடித்ததும் எவ்வளவு ஒளியை மறைக்கும் என்று முன்பே அளந்து வைத்த கறுப்புக் கண்ணாடித் துண்டுகளை ஒளியின் வழியில் ஒவ்வொன்றாகச் செருகி, தொலைபேசியில் என்னைக் கேட்பார்.

"என்ன சொல்றா?"

"பதினொண்ணு."

"பத்துன்னுதான் சொல்லணும். இரு." திருகாணியை மயிரிழை திருப்புவார். "இப்ப? வாயில இருக்கறத முழுங்கிட்டுச் சொல்லு."

போன ஜனவரியில் பனிப்புயல் வந்து ஏணியைப் பூட்டிவிட்டார்கள். அந்த வாரம் எண் இரண்டுக்கு இறங்கியது. ஆறு நாள் இரண்டிலேயே நின்றது. இயக்குநர் அமன்ஜோல் சாக்லேட் பெட்டியோடு எங்கள் அறைக்கு வந்தார். மாநிலத்திலேயே சுத்தமான மின் நிலையம் எது என்ற போட்டி நடந்துகொண்டிருந்தது. ஜெயித்தால் எங்கள் பிரிவு முழுவதற்கும் ஏரிக்கரை ஓய்வில்லத்தில் பத்து நாள். அங்கே முட்டிக்குச் சூடான சேற்றுப்பூச்சு உண்டு. விருந்துக்கு ஆடுகூட வாங்கிக் கட்டியாகிவிட்டது.

"அக்கா, உன் முட்டிக்கு நல்ல காலம்!" என்று ஆளாளுக்குக் கிண்டலடித்தோம்.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் விளிம்பிலிருந்து பனியை ஒரு கை அள்ளித் தேநீர்க் கிண்ணத்தில் போட்டு உருக வைத்தார். அடியில் கறுப்பாகப் படிந்தது.

"இவ ரெண்டுங்கறா. அப்ப இது யாரு வீட்டுக் கரி?"

அமன்ஜோல் நெளிந்தார். "நல்லா இருக்கறத எதுக்கு நோண்டறே, பிபிகுல்? நாலு நாள்ல போட்டி முடிஞ்சுடும், பொறு."

"நல்லா இருந்தா, நான் நோண்டினாலும் நல்லாத்தானே இருக்கும்?"

புயல் நின்ற அன்றே பூட்டைத் திறக்க வைத்து ஏறினார். அரை மணி கழித்துத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் வெறும் சிரிப்பு.

கருவி தினமும் காலையில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஒரு சின்னக் கண்ணாடி அதன் கண் முன்னால் இறங்கும். அனுப்பிய ஒளி முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்தபின் விலகிக்கொள்ளும். குளிரில் அதன் மோட்டார் உறைந்துபோக, இறங்கிய கண்ணாடி இறங்கியபடியே நின்றுவிட்டது.

"ஆறு நாளா கண்ணாடிய விட்டு எழுந்திரிக்கல சிறுக்கி! புகைய எங்க பாத்தா? அழகு பாத்துக்கிட்டிருந்திருக்கா!"

மோட்டாரைக் கழற்றி அக்குளில் வைத்துச் சூடேற்றி மாட்டினார். கண்ணாடி விலகியது.

"இப்ப என்ன சொல்றா?"

"முப்பத்தாறு."

நான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நாலே நாள். அந்தக் கண்ணாடிய திரும்ப இறக்கிவிட்டா யாருக்குத் தெரியும்?" என்றேன். எனக்கும் ஏரி ஆசை.

"மருமகளுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்த மாமியார்னு பேர் வாங்கவா? எழுதுடா. முப்பத்தாறு."

எழுதினேன். தேடிப் பார்த்ததில், புகையிலுள்ள சாம்பலை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கும் தகடுகளில் ஒரு வரிசைக்குப் புயலன்றே மின்சாரம் போயிருந்தது. இரண்டு என்ற எண்ணைப் பார்த்து மயங்கி ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு நாளில் சரிசெய்தார்கள். எண் பதினான்குக்கு வந்தது. ஓய்வில்லப் பரிசு வேறு ஊர் மின் நிலையத்துக்குப் போனது. அமன்ஜோல் ஒரு வாரம் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் வாங்கிய ஆட்டை என்ன செய்வது? விருந்து நடந்தது. குடும்பத்தோடு எல்லோரும் வந்திருந்தார்கள். வேகவைத்த ஆட்டுத்தலை வந்ததும், முக்கிய விருந்தாளி வெட்டிப் பங்கிட வேண்டிய அந்தத் தட்டை அமன்ஜோல் அக்காவின் முன் தள்ளினார். கோபமா, மரியாதையா, எனக்கு விளங்கவில்லை.

"இங்க பெரிய ஆளு நீதானே. நீயே வெட்டு."

அக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டு காதை அறுத்தார். காது எப்போதும் பிள்ளைகளுக்கு. சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று கொடுப்பது. சுற்றி நின்ற வாண்டுகள் கை நீட்டின. அக்கா அவர்கள் தலைக்கு மேலாக எட்டி, காதை அமன்ஜோலின் தட்டில் வைத்தார். அவர் அதை எடுத்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கும்வரை, கத்தியைக் கீழே வைக்கவில்லை.