முதல் மீன் துரைக்கு

விடுமுறைக்கு வந்த எனக்கு கிளென்மார்கன் எஸ்டேட் விடுதி கொடுத்த மீன்பிடிச் சீட்டில் இன்றைய தேதி இருக்கிறது. அதே பழைய ஏரியில் தூண்டிலைப் போட்டேன். மூடுபனிக்குள்ளிருந்து பாசி வாசம் வந்தது. எனக்கு மறுபடி ஏழு வயது.

சிலோனிலிருந்து வந்த புதிது. அப்பாவுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. எஸ்டேட் ஏரியில் மீன் பிடிக்கக் கூடாதென்றும் தெரியாது. ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாகக் கிடந்த காலையில் முதலில் சிக்கிய கெண்டையை, பெரணி இலையில் சுற்றி, துரை பங்களாவுக்கே கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

"ஏனுங்க, திருடுன மீனை ஊட்டுக்காரருக்கேவா கொண்டாந்தீங்க?" சமையல்காரர் சிரித்தார்.

அப்பாவுக்கு முகம் வெளுத்தது. "மொத மீனு தொரைக்குத்தானுங்களே. சிலோன்ல எங்க தோட்டத்துல அதானே வழக்கம்."

சமையல்காரர் மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரித்தபோது அப்பாவின் பெயரையும் கூப்பிட்டார்கள்; வேலை போகவில்லை.

அந்தக் கெண்டையைச் சாப்பிட்டது துரையா, சமையல்காரரா என்பது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.