பிறக்கும் முன்பே விழுந்த வித்து

அந்த வருடம் என் கணவர் ஓயாமல் தண்ணீர் குடித்தார். கண்டியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பாத்திரக்கடை. வியாபாரத்தின் நடுவிலும் போத்தல் கையிலேயே இருக்கும். சீனி வருத்தம் என்று நினைத்தோம். இரத்தத்தைச் சோதித்தால் சீனி சரியாக இருந்தது. பிறகு, பக்கத்தில் நிற்பவர்கள்மேல் மோதத் தொடங்கினார். அடுக்கி வைத்த சட்டிகளைத் தட்டிவிட்டு, "யாரு இத இங்க வச்சது?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். கண்ணாடி மாற்றப் போனபோது கண் டொக்டர் சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

பேராதனை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "மூளைக்கு அடியில ஒரு கட்டி. கண் நரம்பை அமத்துது. தாகமும் அதாலதான். புற்றுநோய் இல்லை, ஆனா இருக்கிற இடம் கரைச்சல்."

"இது எப்ப வந்தது, டொக்டர்?" என்று கேட்டேன்.

"தாயின்ர வயித்தில இருக்கேக்க மிஞ்சின கலங்களில இருந்து வாறது. அரிதான கட்டி, ஒரு சிலருக்குத்தான் வரும்."

எங்கள் கல்யாணத்தன்று, பிள்ளைகள் பிறந்த நாட்களில், இவர் சிரித்துக்கொண்டு நின்றபோதெல்லாம் அதன் வித்து உள்ளே இருந்திருக்கிறது. இவரோ, "கடைய யாரு பாக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

டொக்டர் சொன்ன கட்டியின் பெயர் என் வாயில் நுழையவில்லை; ஒரு துண்டில் எழுதித் தந்தார். சொந்தக்காரர்கள் எழவு விசாரிக்கிற குரலில் போன் செய்தார்கள். அடுத்த கிளினிக்கில், காத்திருக்கும் வாங்கில் என் பக்கத்தில் இருந்த, கடுகண்ணாவை ஊரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண்ணிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். அவர் அந்தப் பெயரைத் தடங்கலில்லாமல் வாசித்தார். தூக்கிவாரிப் போட்டது.

"எங்கட மகளுக்கும் இதுதான். ஒபரேசன் செஞ்சி இப்ப ஸ்கூல் போறா. போன்ல எங்களுக்கு ஒரு குரூப் ஈக்குது, சேந்துக்கோங்க."

அந்தக் குழுவில்தான் மிச்சத்தைத் தெரிந்துகொண்டேன்: கட்டியை முழுதாக எடுக்க முடியாமல் போகலாம், திரும்பவும் வளரலாம், மாத்திரை ஆயுளுக்கும் வேண்டியிருக்கலாம். ஆனாலும் கேட்டதற்கெல்லாம் யாராவது பதில் சொன்னார்கள்.

மூக்கு வழியாக ஒபரேசன் செய்தார்கள். ஓரப்பார்வை பாதிதான் திரும்பியது. இவர் மறுபடி கடையில் நிற்கிறார். குழுவில் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

போன மாதம் நாவலப்பிட்டியிலிருந்து ஒருவர் குழுவில் புதிதாகச் சேர்ந்து, குரல் செய்தியில் அழுதார். இவர் என் போனை எடுத்து அவருக்குப் பதில் பேசிப் பதிவு செய்வது குசினிக்குக் கேட்டது.

"பயமாத்தான் இருக்கும் தம்பி. எனக்கு இன்னமும் பயந்தான்."

கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை நாளும் இவர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.