வெள்ளித் தம்ளருக்குப் பதில்

சில வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதக் கடைசியில், தாம்பரத்தில் ஒரு நகைக்கடையின் வெள்ளிப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். தம்பி மகளுக்கு முதல் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பொம்மை வாங்கினால் உடைந்துவிடும், கவுன் வாங்கினால் சின்னதாகிவிடும். அத்தை கொடுத்தது என்று அவள் பெரியவளான பிறகும் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு வெள்ளித் தம்ளரை எடுத்து வைத்தேன்.

"பேரும் பிறந்த தேதியும் பொறிச்சுத் தருவோம் மேடம்" என்று விற்பனைப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். பெயரை எழுதிவிட்டேன். தேதியை எழுதும்போது கை நின்றுவிட்டது.

முந்தின வருடம், பெருவெள்ளம் வந்த அந்தத் தேதியில் நான் முடிச்சூரில் தம்பி வீட்டில் இருந்தேன். அவன் மனைவி நிறைமாதம். துணைக்கு இருக்கலாம் என்று ஊரப்பாக்கத்திலிருந்து வந்திருந்தேன். விடாத மழை. தம்பி வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டான். பொழுது விடிந்து பார்த்தால் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர். நாங்கள் இரண்டு பேரும் மாடிக்கு ஏறினோம். அங்கே போனதும் அவளுக்கு வலி எடுக்க ஆரம்பித்தது. போனில் சிக்னல் இல்லை. பால்கனியில் நின்று தொண்டை வறளக் கத்தினேன்.

தெருவுக்குள் ஒரு மீன்பிடிப் படகு வந்தது. அதிலிருந்த இரண்டு பேரில் ஒருவர் மார்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. அவளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கிப் படகில் இறக்கினார்கள். "பயப்படாதம்மா. இது கோவளத்து போட்டு. கடல்லயே போய்கினு வந்துகினு கீது, இது இன்னா தண்ணி" என்றார் தழும்புக்காரர். மேடான சாலையில் ஆம்புலன்ஸ் நின்றது. அவளை ஏற்றிவிட்டு நன்றி சொல்லத் திரும்பினால், படகு போய்விட்டிருந்தது. அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். குழந்தைக்கு ஒன்றைத் தர வேண்டுமென்றால் அந்த மனிதரோடு அவள் இருக்கும் ஒரு படத்தைத்தான் தர வேண்டும் என்று தோன்றியது. நல்ல சட்டமாகப் போட்டுக் கொடுத்தால் காலத்துக்கும் இருக்கும்.

மறுநாள் கோவளத்துக்கு பஸ் ஏறினேன். கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்களிடம் விசாரித்தேன். புருவத்தில் தழும்பு என்று சொன்னதும் ஒரு அக்கா சிரித்துவிட்டார். "எங்கூட்டு ஆளுதான். அதோ, வலைகிட்ட குந்திகினு கீறாரு பாரு."

அதே முகம்தான். பரபரப்பாக எல்லாவற்றையும் சொன்னேன். வலி எடுத்த பெண், பிளாஸ்டிக் நாற்காலி, ஆம்புலன்ஸ். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஞாபகம் இல்லக்கா. அன்னிக்கு எத்தினி பேர ஏத்துனோம், எறக்குனோம். மூஞ்ச எங்க பாத்தோம்?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு வருடமாக எங்கள் வீட்டில் தினமும் பேசப்படும் மனிதர், எங்களை அடையாளம்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிறந்தநாளுக்கு வர வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாங்க்கா. கொயந்த நல்லா இருந்தா போதும்" என்று வலைப்பக்கம் திரும்பிவிட்டார். நான் விடைபெற்றுக்கொண்டு நடக்க ஆரம்பித்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"முடிச்சூர்னா சொன்னீங்க? அங்க பச்ச கலர் வூடு ஒண்ணு, மேல பெரிய தண்ணி டேங்க். மொட்ட மாடில ஒரு பெரியவர் கைய ஆட்னாரு. போட்டுல எடமில்ல. தோ வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்தா ஆளு இல்ல. வேற போட்டுல போய்ட்டாருன்னு சொன்னாங்க. ஆனா நான் பாக்கல. அவரு இருக்காராக்கா?"

எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பக்கத்தில் வந்து நின்ற அவர் மனைவி, அந்த மீன் விற்ற அக்கா, போன் எண்ணைக் கொடுத்துவிட்டு, "மழ பேஞ்சா போதும், இந்தப் பேச்சுதான்" என்றார்.

அன்றே முடிச்சூருக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி அந்தப் பச்சை வீடு இருந்தது. கேட்டில் வாடகைக்கு என்று பலகை. பெரியவர் இல்லையென்றால் கோவளத்துக்குப் போய் என்ன சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "சார் வெள்ளத்துக்கு அப்புறம் இங்க இருக்க மாட்டேன்னு செம்பாக்கம் போய்ட்டாரே. ஏரியைத் தாண்டி, ரெண்டாவது மாடி" என்று வழி சொன்னாள்.

செம்பாக்கத்தில் கதவைத் திறந்தவர் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சுவரில் சிலுவை, மேசையில் பாதி குடித்த காபி. படகு என்று நான் ஆரம்பித்ததுமே அவர் முகம் மாறியது.

"அந்த போட்காரரைத் தெரியுமாம்மா உங்களுக்கு? நிறுத்தாம போறாரேன்னு கோபத்துல கண்டபடி திட்டிட்டேன். அதுல ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தான்னு அப்புறம்தான் சொன்னாங்க. என்னை அடுத்த போட்ல ஏத்திட்டாங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு இருக்கேன், யாருன்னுதான் தெரியல."

"அந்தப் பிள்ளைத்தாச்சி எங்க வீட்டுப் பொண்ணுதான் சார்" என்றேன். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டதும் தேதியைக் குறித்துக்கொண்டார்.

எங்களுக்காக அவர் மாடியில் விடப்பட்டார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவரைத் தாண்டித்தான் நாங்கள் போயிருக்கிறோம். நான் தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோவளத்து அக்கா கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். படகுக்காரரே எடுத்தார். "அண்ணா, அவர் இருக்காரு. நல்லா இருக்காரு. பர்த்டேக்கு வர்றாரு" என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். "கேக்கு எப்பக்கா வெட்டுவீங்க?"

பிறந்தநாளுக்கு இஸ்திரி போட்ட சட்டையில், மனைவியோடு, ஒரு பெரிய வஞ்சிரத்தைப் பையில் சுமந்துகொண்டு வந்தார். தம்பி மனைவி குழந்தையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். குழந்தை அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அவர் அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

"திரும்ப வந்தேன் சார். நீங்க இல்ல" என்றார் படகுக்காரர்.

"தெரியும்பா. உன்னைத் திட்டிட்டேன்பா" என்றார் ஆசிரியர்.

"காதுல வுயல சார். இன்ஜின் சத்தம்."

அவ்வளவுதான் பேசினார்கள். கட்டிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும், இருவருக்கும் நடுவில் தம்பி மனைவி குழந்தையோடு உட்கார, நான் படம் எடுத்தேன். குழந்தை அழுத கண்ணோடு கேமராவை முறைத்தாள். அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டுக் கொடுத்தேன். சொந்தக்காரர்கள் சிலர் அத்தை செலவே செய்யவில்லை என்று பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். படத்தில் இருப்பவர்கள் யார் என்று கேட்பாள். ஒரு மாமா, ஒரு தாத்தா என்று அவள் அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் முழுவதையும் சொல்ல வேண்டும். தூக்கிக் கரைசேர்த்த எங்களையெல்லாம் மறந்துவிட்டு, விட்டுவந்த ஒரே ஒருவரை ஒரு வருடம் முழுக்க நெஞ்சில் வைத்திருந்த மனிதர் அவர். முடிச்சூருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் படத்தின் முன் நின்று, நாங்கள் தப்பிப் போன வழியில் யார் கை அசைத்துக்கொண்டு நின்றார்கள் என்று ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொள்கிறேன்.